எழுதிக் கொஞ்சம் கூடுதல் வருமானம்: புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுத்து வேலை, 14 வருடமாக. கோயிலிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் பாசார் மாலாமிலும் பார்ப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் நான் சொல்லும் கூலி என் கூலி. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

எழுதினால் உண்மையிலேயே பணம் வருமா, அக்கா?

வரும். ஆனால் அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். முதல் வருடம் முழுக்க எனக்கு வந்தது 610 வெள்ளி (ரிங்கிட்). இப்போது சாதாரண மாதத்தில் 300 முதல் 500 வெள்ளி வரை வருகிறது. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதமும் கோயில் திருவிழாக் காலமும் அதைவிட நன்றாக இருக்கும். ஒன்றுமே வராத மாதமும் உண்டு. மகனின் டியூஷன் கட்டணமும் மோட்டார் சைக்கிள் தவணையும் இதிலிருந்துதான் போகின்றன. எங்கள் வீட்டுக்கு அது பெரிய உதவி.

நான் கதை, கவிதை எழுதுவேன். அதில்தானே பணம்?

கதையும் கவிதையும் எழுதுங்கள், விடாதீர்கள். ஆனால் பணம் முதலில் வருவது அங்கிருந்து அல்ல. நம் ஊருக்குத் தினமும் ஏதாவது எழுத வேண்டியிருக்கிறது. அதை ஒழுங்காக எழுதித் தர ஆள் இல்லை. பணம் அங்கே இருக்கிறது.

எனக்கு வந்த வேலைகளைச் சொன்னால் புரியும். மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகச் சிறப்பு மலருக்குத் தலவரலாறு. தமிழ்ப்பள்ளி நிறைவு விழா அறிவிப்பாளருக்கான உரை. 16ஆம் நாள் கிரியை அறிவிப்பு, ஓராண்டு நினைவஞ்சலி. கல்யாணப் பத்திரிகை வாசகம். முறுக்கும் நெய்யுருண்டையும் விற்கிற ஒரு அக்காவுக்குத் தீபாவளி விளம்பரம், தமிழிலும் மலாயிலும். பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு வாழ்த்துமடல். புடைவைக் கடையின் முகநூல் பக்கத்துக்கு வாரம் மூன்று பதிவு. பயிற்சி நூல் போடுபவர்களுக்குத் தமிழ்மொழிக் கேள்விகள். இதில் ஒன்றுகூட இலக்கியம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் நல்ல தமிழ் வேண்டும், சொன்ன நாளில் தர வேண்டும்.

பயிற்சி நூலுக்கு எழுதப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் கிடக்கும் பழைய நூல்களைப் பார்த்து அதே அமைப்பில் கேள்வி தயாரித்தால் யாரும் வாங்க மாட்டார்கள். இப்போதைய பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கூலி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு கேட்பது?

நான் இவ்வளவும் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். பள்ளி விடுமுறை நாளில் நானும் கூடப் போவேன். பதினொரு மணி வாக்கில் காண்டா வாளியோடு எல்லோரும் பால் ஸ்டோருக்கு வருவார்கள். கிராணி வாளியைத் தராசில் வைப்பார். கொஞ்சம் பாலை எடுத்து, அதில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுக் குனிந்து பார்ப்பார். தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று அதில் தெரியும். பிறகு புத்தகத்தில் எண்ணை எழுதுவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா அந்த மேசையை விட்டு நகர மாட்டார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் நகர மாட்டார். எண்ணைப் பார்த்து, தலையசைத்து, அதன் பிறகுதான் வாளியைத் தூக்குவார்.

அந்த அம்மாவின் மகளான நான் முதல் வேலையில் கூலியே பேசவில்லை. கோயில் மலருக்கு நான்கு பக்கத் தலவரலாறு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களிடம் போய்க் கேட்டு, இரண்டு தடவை திருத்தி எழுதினேன். செயலாளர் ஒரு அங்பாவ் உறையைக் கையில் கொடுத்தார், உள்ளே 50 வெள்ளி இருந்தது. அவர் நல்ல மனிதர், ஏமாற்ற நினைக்கவில்லை. நான் ஒன்றும் கேட்காததால் அவரும் ஒன்றும் யோசிக்கவில்லை. அதே மலரை அச்சடித்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் முன்கூட்டியே விலை பேசி முன்பணமும் கொடுத்திருந்தார்கள்.

இப்போது நான் கணக்குப் போடும் விதம் இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் 45 மணி நேர வேலை என்று வைத்துப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 70 காசு. ஒரு வேலைக்கு எனக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்ப்பேன். போய்க் கேட்கிற நேரம், திருத்துகிற நேரம், புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் சொல்கிற நேரம் எல்லாம் அதில் சேரும். மணிக்கு 8 வெள்ளி 70 காசுக்குக் கீழே போகிற வேலையை எடுப்பதில்லை. அந்த நான்கு பக்கத்துக்கு எனக்கு 20 மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்கு 2 வெள்ளி 50 காசு. ஒட்டுப்பால் பொறுக்கினால்கூட அதைவிடக் கிடைத்திருக்கும்.

இப்போது மலருக்கு ஒரு பக்கம் 60 வெள்ளி, நினைவஞ்சலி 40, அறிவிப்பாளர் உரை 120 என்று வாங்குகிறேன். பாதி முன்பணம். பேசியதைப் புலனத்தில் நான்கே வரியில் எழுதி அனுப்புவேன்: என்ன வேலை, எத்தனை பக்கம், எந்த நாள், எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவேன். அவர்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகுதான் தொடங்குவேன். எண்ணைப் பார்க்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பணம் வாங்குவீர்களா?

இல்லை. பென்ஷன், உதவிநிதி, மருத்துவமனை என்று கடிதம் எழுதித் தரச்சொல்லி வரும் வயதானவர்களிடம் வாங்குவதில்லை. குழந்தையின் மரண அறிவிப்புக்கும் வாங்குவதில்லை. எதை இலவசமாகச் செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதை மற்றவர்கள் முடிவு செய்ய விடாதீர்கள்.

பத்திரிகைகளுக்கு எழுதினால் சன்மானம் உண்டா?

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்றவை இருக்கின்றன. ஞாயிறு பதிப்புகளில் புதியவர்களுக்கு இடமும் கிடைக்கிறது. சன்மானம் உண்டா என்பதை ஒவ்வோர் ஆசிரியரிடமும் அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள். ஒரு வார இதழுக்கு நான் ஆறு கட்டுரை எழுதினேன். மாதக் கடைசியில் தருகிறோம் என்றார்கள். எந்த மாதம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் வரவேயில்லை.

பெயர் அச்சில் வருவதற்காகச் சில தடவை சும்மா எழுதலாம், அதில் தவறில்லை. பிறகு வேலை கேட்கும்போது காட்ட இரண்டு மூன்று வெட்டுத்துண்டுகள் இருக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

சிறுகதைப் போட்டிகள்?

கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் பேரவைக் கதைகள் போட்டியில் மாணவருக்கும் பொதுமக்களுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. 1962 முதல் இயங்கும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். பரிசை வருமானமாக மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் தனிச் சந்தோஷம். விதிகளில் “உரிமை” என்ற சொல் வரும் வரியை இரண்டு முறை படியுங்கள்.

என் வாழ்க்கையில் சுவாரசியமாக ஒன்றும் நடக்கவில்லை. எதைப் பற்றி எழுதுவது?

இதைச் சொன்ன தம்பியின் தாத்தா தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். பாட்டி காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மயங்கி விழுந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர். அந்தப் பிள்ளைதான் தம்பியின் அப்பா. சுவாரசியமாக ஒன்றுமில்லையாம்!

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை அடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. சரித்திர நூல்களில் துரைமார்களின் பெயர் இருக்கிறது. அன்று காலை அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், அன்று கூலி கிடைத்ததா, இரவு லயத்தில் யார் தூங்கினார்கள்? அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று 85 வயதைத் தாண்டியிருப்பார்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், நம் ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பங்கு சேர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் உங்கள் தாமானிலேயே இருப்பார்கள். பாஸ்புத்தகம்கூட அலமாரியில் கிடக்கும்.

போய் உட்கார்ந்து கேளுங்கள். தேதியை மட்டும் கேட்டால் தேதிதான் கிடைக்கும். காலையில் என்ன பசியாறினீர்கள், மங்கு எதில் கழுவினீர்கள், மழை பெய்தால் கூலி உண்டா என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். சிறப்பு மலர்களுக்கும் பள்ளி வரலாறுகளுக்கும் என்னைத் தேடி வருவதற்குக் காரணம் என் நடை அல்ல. என்னிடம் இப்படி நிறைந்த 11 நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

தமிழில் தட்டச்சு தெரியாது.

ஒரு மாதத்தில் வந்துவிடும். கைப்பேசிக்குச் செல்லினம், கணினிக்கு முரசு அஞ்சல். இரண்டும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவை. யூனிகோடிலேயே எழுதுங்கள். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களை வைத்திருக்கிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், அதனால் அச்சுக்குப் போகும் கடைசிப் பக்கத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

எனக்கு மலாய் நன்றாக வரும், தமிழ் சுமார்தான்.

அப்படியென்றால் உங்களுக்கு என்னைவிட வேலை அதிகம். கோயில் நிர்வாகம் சங்கப் பதிவிலாகாவுக்கு எழுதுவது, மாவட்ட அலுவலகத்துக்கு நிகழ்ச்சி அனுமதிக் கடிதம், பள்ளி வாரியக் கூட்டக் குறிப்பு எல்லாம் மலாயில்தான் போக வேண்டும். தமிழில் பேசுவதைக் கேட்டு ஒழுங்கான அலுவலக மலாயில் எழுதித் தருபவரைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கோ வெளிநாட்டுத் தூதரகத்துக்கோ போகும் ஆவணத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

பிழை வந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு நினைவஞ்சலியில் மருமகள்களின் பெயர் வரிசையில் இரண்டாமவரின் பெயரை விட்டுவிட்டேன். குடும்பம் கொடுத்த தாளில் இருந்தது, தட்டச்சு செய்யும்போது வரி தாவிவிட்டது. அந்தக் கடைசி இரண்டு வருடம் மாமியாரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தவர் அந்த மருமகள்தான். பத்திரிகை வந்த அன்று காலையில் அவர் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. “என் பெயர் இல்லையே அக்கா” என்று மட்டும் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் செலவில் அடுத்த நாள் திருத்தம் போட்டேன். அப்புறம் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதிலிருந்து எந்த அறிவிப்பையும் அச்சுக்கு அனுப்பும் முன் குடும்பத்தில் ஒருவருக்குப் போன் செய்து ஒவ்வொரு பெயரையும் தேதியையும் உரக்கப் படிக்கிறேன். கண் தாவும், காது தாவாது. பத்து நிமிடம்தான் ஆகும், அதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள்.

சாட்ஜிபிடியை எழுதச் சொன்னால் ஆகாதா?

எழுத்துப்பிழை பார்க்க, மலாய்க் கடிதத்துக்கு ஒரு முன்வரைவு எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வரலாறு எழுதச் சொன்னால் அது அழகாக எழுதும், ஆனால் உங்கள் கோயிலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஒரு பையன் அப்படி எடுத்து வந்த தலவரலாற்றில் ராஜகோபுரமும் தீர்த்தக்குளமும் இருந்தன. அந்தக் கோயிலில் இருப்பது தகரக் கூரையும் ஒரு அரசமரமும். அந்த மரத்தடியில் சூலம் நட்டவரின் பேரன் தலைவராக இருக்கிறார். அவர் ஒரு பத்தி படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

சொந்தமாகப் புத்தகம் போட்டால் லாபம் வருமா?

அச்சடிப்பதற்கு முன் யார் வாங்குவார்கள் என்று பெயர் எழுதிப் பாருங்கள். நம்மிடையே நூல் பெரும்பாலும் விற்பது வெளியீட்டு விழா அன்றுதான். முதல் நூல் பெறும் பிரமுகர் தரும் தொகையில் அச்சுச் செலவு வந்துவிடும் என்று நம்பி 1,000 பிரதி அடித்தவர்களைத் தெரியும். மிச்சப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. முதல் முறை 200, 300 போதும். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூலில் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்கவும் வேண்டும். அந்த ஐந்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்னூல் என்றால் அமேசான் கிண்டில் 2016 முதல் தமிழை ஏற்கிறது. கையிலிருந்து முதல் போட வேண்டாம். நூலின் விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து 35 அல்லது 70 விழுக்காடு உரிமைத்தொகை. அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை. அதனால் அமெரிக்காவில் விற்கும் பிரதிகளின் உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். என் இரண்டு மின்னூலும் சேர்ந்து மாதம் ஒரு கோப்பிக் கடைச் சாப்பாட்டுக்கு ஆகும்.

டெலிகிராமில் தட்டச்சு வேலை, 200 வெள்ளி பதிவுக் கட்டணம் என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். எழுதுபவர் பணம் கட்டுவது வேலையே அல்ல. உங்கள் வங்கிக் கணக்கை “கொஞ்ச நாள்” பயன்படுத்தக் கேட்டால் அது இன்னும் ஆபத்து. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே உங்கள் வங்கிக்கோ மோசடிப் புகார் எண்ணான 997க்கோ அழையுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தாமதித்தால்கூடப் பணம் கைமாறிவிடும்.

வரி கட்ட வேண்டுமா? நான் ஆசிரியர், எழுதலாமா?

எழுத்துக் கூலியும் வருமானம்தான். சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு பி பாரம், கடைசி நாள் ஜூன் 30. இலக்கியப் படைப்புக்கு வரும் உரிமைத்தொகையில் ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு. அது உங்கள் சம்பள வேலையின் பகுதியாக எழுதியதாக இருக்கக் கூடாது. விளம்பரத்துக்கும் அறிவிப்புக்கும் வாங்கும் கூலி உரிமைத்தொகை ஆகாது. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள். என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கடைபோலப் பெயர் வைத்து நடத்துவதென்றால் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60.

அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் உட்பட, வெளிவேலைக்குத் துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். 1993ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. முதல் வெள்ளியை வாங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

நான் எழுதியதை வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டால்?

1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எழுதியது என்றால் எழுதிய உடனே உரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 50 ஆண்டு இருக்கும். எழுத்து மூலம் கொடுக்காமல் அது இன்னொருவருக்கு மாறாது. ஆனால் ஒருவர் கூலி பேசி எழுதச் சொன்ன வேலையின் உரிமை, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், அவருக்குப் போய்விடும். அதனால்தான் எதிலும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள் என்கிறேன். வரைவுகளையும் அனுப்பிய தேதியுள்ள மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்.

என் அம்மாவுக்கு 67 வயது. நிறையக் கதை சொல்வார், எழுத வராது. அவரும் சம்பாதிக்க முடியுமா?

முடியும், நீங்கள் கூட உட்கார்ந்தால். இங்கே ஒரு பெரியம்மா தோட்டத்துக் கைவைத்தியத்தையும் தாலாட்டையும் புலனத்தில் குரல் பதிவாக மகளுக்கு அனுப்புவார். மகள் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வார். ஒரு பள்ளி மலருக்கு மூன்று பக்கம் போனது, 180 வெள்ளி. பெரியம்மா பெயரில்தான் வந்தது. பணத்தை இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அம்மா சொல்லும் சொல்லை மாற்றாதீர்கள். “மங்கு” என்றால் மங்குதான், “கிண்ணம்” ஆக்க வேண்டாம்.

எழுதியதை நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா?

பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து பத்தரை மணிக்கு மேல் கோயில் மண்டபத்துப் பின்மேசையில் இருப்பேன். தாளில் அச்சிட்டு, வரிக்கு வரி இடம் விட்டுக் கொண்டு வாருங்கள். கைப்பேசித் திரையில் திருத்த என் கண்ணுக்கு முடியவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எவ்வளவு கூலி பேசியிருக்கிறீர்கள் என்பதை மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருங்கள், அதைத்தான் முதலில் பார்ப்பேன்.